ஃப்ரீஸில் கிடந்த இரும்பு

எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்கள் இருக்கும் அறைக்குள் என் அனுமதி இல்லாமல் ஓர் எறும்புகூட நுழைய முடியாது. நுழைந்தாலும் அந்தக் குளிரில் விறைத்துப்போகும். வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள், அவற்றில் அடுக்கிய கம்ப்யூட்டர்கள், காது கிழியும் மின்விசிறி இரைச்சல். ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் கணக்குகளை அனுப்புவார்கள். எது முன்னால் ஓடும், எது பின்னால் ஓடும் என்பது என் கையில். பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள்கூட என் வாசலில் வந்து, "கொஞ்சம் பார்த்துப் போடுங்களேன்" என்று இளிப்பார்கள். வரிசையை மீறி யாராவது திருட்டுத்தனமாக ஒரு கணக்கை நுழைத்தால் அவர்களுடைய எல்லாக் கணக்கையும் வெட்டிவிடுவேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல். அண்ணன் எனக்கு வைத்த பெயரே மிளகா. அந்தப் பெயர் அலுவலகத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கொண்டுவந்து சேர்த்தவர் என் அண்ணி. அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் கருந்துளைகளைக் கணக்குப் போடுகிறவர்.

அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில், ஒரே அலுவலகத்தில் என்றால் ஜனங்கள் வேடிக்கை பார்க்கத் தயாராக உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு ஏமாற்றம்தான். குளியலறை விளக்கை அணைக்காமல் போவதற்காக நான் அவரைத் திட்டுவேன், அவர் சிரித்துக்கொண்டே மறுநாளும் அணைக்காமல் போவார், அவ்வளவுதான். உண்மையான சண்டை ஒரே ஒரு முறை வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அண்ணியின் வேலையை எனக்குப் புரிந்த மட்டும் சொல்லிவிடுகிறேன். கருந்துளைக்குள் விழுந்தது எதுவும் திரும்பி வராது. ஆனால் விழப்போகிற வாயு சும்மா போய் விழாது. சுற்றிச் சுற்றி, தன்னோடு தானே உரசி, கொதித்து, எக்ஸ்ரே வெளிச்சத்தைக் கொட்டிவிட்டுத்தான் போகும். அந்த வாயுவில் கொஞ்சம் இரும்பு கலந்திருக்கும். அதன்மேல் எக்ஸ்ரே பட்டால் இரும்பு தனக்கென்று உள்ள ஒரே நிறத்தில் ஒளிரும். தொலைநோக்கியில் அது ஊசி மாதிரி ஒரு கோடாக வர வேண்டும். கருந்துளைக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தக் கோடு இழுபட்டு ஒரு பக்கமாக வழிந்து வரும். எவ்வளவு வழிந்திருக்கிறதோ, வாயு அவ்வளவு நெருங்கிப் போயிருக்கிறது என்று அர்த்தம். அதிலிருந்து கருந்துளை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று சொல்லலாம். சுழலாததற்குப் பூச்சியம், முழு வேகத்துக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவே அந்த ஓர் எண்ணைப் பிடிக்கத்தான் மூன்றாவது மாடியே அல்லாடுகிறது.

பிடிப்பதற்கு ஒரு மாடல் வேண்டும். கம்ப்யூட்டருக்குள் கட்டிய பொய்க் கருந்துளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பல குமிழ்கள். சுழற்சிக்கு ஒன்று, சாய்வுக்கு ஒன்று, இரும்பின் அளவுக்கு ஒன்று. பொய்க் கருந்துளையின் வெளிச்சம் நிஜத்தின் வெளிச்சத்தோடு ஒட்டும்வரை கம்ப்யூட்டர் அந்தக் குமிழ்களைத் திருகிக்கொண்டே இருக்கும். அண்ணியின் மாடலில் ஒரு புதுமை உண்டு. வாயுவிலிருந்து கிளம்பும் வெளிச்சத்தில் ஒரு பங்கு வெளியே தப்பாது. கருந்துளையின் இழுப்பில் வளைந்து மறுபடி வாயுவின் மேலேயே விழும், விழுந்த இடத்தில் இன்னொரு முறை ஒளிரும். மற்றவர்கள் "அது ரொம்பக் கொஞ்சம், விடுங்க" என்று விட்டதை அண்ணி வருடக்கணக்காக உட்கார்ந்து எழுதினார். கல்யாண ஆல்பத்தில்கூட அவர் கையில் ஒரு பேனா இருக்கும்.

புதிதாக ஒரு விண்கலம் கிளம்பவிருந்தது. அதன் குழு எங்கள் அலுவலகத்திடம் ஒரே ஒரு மாடல் கேட்டது. எங்களிடம் இரண்டு இருந்தன. ஒன்று அண்ணியுடையது. இன்னொன்று தாடியுடையது. தாடி என்பவர் தாடியை மழித்துப் பல வருடம் ஆகிறது, பெயர் மட்டும் போகவில்லை. யாருடைய மாடல் தேர்வாகிறதோ அவருக்கு வேலை நிரந்தரம். மற்றவருக்கு ஒப்பந்தம் முடிந்து மூட்டை கட்ட வேண்டியதுதான். அண்ணிக்குக் கடல் தாண்டி ஒரு நாட்டில் வேலை கிடைக்கும், தெரியும். ஆனால் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவனுடைய லைசென்ஸ் இந்த நாட்டுக்கு வெளியே செல்லாது. அண்ணி தோற்றால் வீடு இரண்டாகும். சாப்பிடும்போது இதைப் பற்றி யாரும் பேச மாட்டோம். உப்பு, காரம், பக்கத்து வீட்டு நாய் என்று எல்லாவற்றையும் பேசுவோம்.

மூன்றாவது மாடியில் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு முகமூடி என்று பெயர். மனுஷன்தானே, தான் ஆசைப்படும் எண் வரும்வரை திருகிவிட்டு, வந்ததும் நிறுத்திவிடத் தோன்றும். அதனால் சுழற்சி எண்ணின் மேல் ஒரு ரகசிய எண்ணைக் கூட்டி மறைத்துவிடுவார்கள். ஆராய்ச்சிக்காரர்களுக்குத் திரையில் தெரிவது பொய் எண். ரகசிய எண் தெரிந்த ஒரே ஆள் நான். எல்லோரும் "என் கணக்கு முடிந்தது" என்று சொன்ன பிறகு அத்தனை பேர் முன்னால் முகமூடியைக் கழற்றுவேன். கழற்றிய பிறகு யாரும் எதையும் மாற்றக்கூடாது. வேண்டுமானால் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு விலகலாம். விலகினால் மற்றவர் ஜெயித்ததாக அர்த்தம். இந்த விதியை வகுத்தவர் பெரியவர். அலுவலகத்தின் தலைவர். பதினொரு கருந்துளைகளின் சுழற்சியை அளந்து பாடப்புத்தகத்தில் ஏறியவர்.

போட்டிக்குப் புதிதாகப் பளிச்சிட்ட ஒரு கருந்துளையை எடுத்துக்கொண்டார்கள். வேறொரு குழு அதையே வேறு வழியில் அளந்து, எண்ணை மூடி வைத்திருந்தது. நான் முகமூடியைக் கழற்றினேன். தாடிக்குப் புள்ளி ஆறு ஒன்று. அண்ணிக்குப் புள்ளி எட்டு நான்கு. மூடி வைத்த எண்ணைத் திறந்தார்கள். புள்ளி எட்டு இரண்டு.

அறையே கை தட்டியது. தாடிதான் முதலில் எழுந்து வந்து அண்ணிக்குக் கை கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. படியில் இறங்கும்போதே அண்ணனுக்கு போன் செய்து கத்தினேன். அவன் அப்போது யாரோ ஒருவரின் லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்திருந்தானாம். "கத்தாதே மிளகா, கையில ஸ்பேனர் இருக்கு" என்றான். பிறகு அவனே கத்தினான். அன்று சாயங்காலம் அவன் சமைத்தான். சாதம் அடிப்பிடித்தது. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அண்ணி என் அறைக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அந்த அறையில் ஒரு கஷ்டம், ரகசியம் பேச வேண்டுமென்றாலும் கத்தித்தான் பேச வேண்டும்.

"இரும்பு ஃப்ரீஸ்ல இருந்திருக்கு!" என்று அண்ணி கத்தினார்.

"என்னது?"

"இரும்பு! இரும்போட குமிழ்!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு குமிழைத் திருகாமல் ஓர் இடத்தில் பிடித்து வைப்பதைத்தான் ஃப்ரீஸ் என்பார்கள். எல்லாக் குமிழையும் ஒரேயடியாகத் திருகவிட்டால் கணக்கு மணிக்கணக்கில் ஓடும். அதனால் முதலில் சிலவற்றைப் பிடித்து வைத்துவிட்டு, கடைசிச் சுற்றில் எல்லாவற்றையும் திருக விட்டுவிட வேண்டும். விண்கலக் குழுவுக்காகத் தன் மாடலைப் பற்றி எழுத உட்கார்ந்த அண்ணி, ஒவ்வொரு குமிழாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். இரும்பு, சூரியனில் இருக்கும் அளவில் பிடித்து வைத்தது வைத்தபடியே கிடந்திருக்கிறது. கடைசிச் சுற்றில்கூட விடவில்லை.

"விட்டுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். இரும்பு அதிகமா இருந்தாலும் கோடு பருக்குது, சுழற்சி அதிகமா இருந்தாலும் கோடு பருக்குது. ஒண்ணை ஒண்ணு மறைச்சுக்குது. புள்ளி மூணு அஞ்சுல இருந்து புள்ளி ஒம்போது ஏழு வரைக்கும் எது வேணா இருக்கலாம்."

"அப்போ புள்ளி எட்டு நாலு?"

"அது அதிர்ஷ்டம். நான் ஒண்ணும் அளக்கவே இல்ல, மிளகா."

நான் கதவைச் சாத்தினேன். சாத்தினாலும் கத்தித்தான் ஆக வேண்டும். "அண்ணி, சொல்றதைக் கேளுங்க. நீங்க இப்போ மறுபடி ஓட்டிப் பார்த்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த இன்னொரு குழுவோட எண் உங்க எண்ணோட ஒத்துப்போச்சு. நாளைக்கு நல்ல தொலைநோக்கி வந்து உங்க மாடல் நிஜமாவே சரின்னு காட்டும். அதுக்குள்ள எதுக்கு நீங்களே உங்க தலையில மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க? யாரு பார்க்கப் போறாங்க?"

"நான் பார்த்துட்டேனே."

"அண்ணன் இங்க, நீங்க அங்க. அதையும் பார்த்தீங்களா?"

கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன். அண்ணி என்னை நேராகப் பார்த்தார். "அதைத்தான் முதல்ல பார்த்தேன். நேத்து ராத்திரியில இருந்து அதை மட்டும்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கத்தவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

எனக்கு வந்த கோபத்தில், "பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு!" என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டேன். அன்று வீடு வரை பஸ்ஸில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்தோம்.

அண்ணனிடம் அண்ணியே சொன்னார். நான் அடுப்படியில் பாத்திரத்தை வேண்டுமென்றே டமால் டமால் என்று வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கடைசிவரை கேட்டான். பிறகு, "சொல்லிடு" என்றான். "சொல்லலேன்னா நீ தூங்க மாட்டே. விளக்கைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பே. அப்புறம் எனக்கும் தூக்கம் போச்சு." அண்ணி சிரித்தார், சிரிக்கும்போதே அழுதுவிட்டார். அண்ணன் எழுந்து அடுப்படிக்கு வந்து, "பாத்திரம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று என்னைக் கேட்டான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

மறுநாள் கூட்டம். விண்கலக் குழுவுக்கு அனுப்பும் கடிதத்தில் கையெழுத்துப் போட பேனா மூடியைத் திறந்து வைத்திருந்தார் பெரியவர். அண்ணி எழுந்தார்.

"சார், என் பதிலைத் திரும்ப வாங்கிக்கறேன். இரும்பு ஃப்ரீஸ்ல இருந்ததைக் கவனிக்காம விட்டுட்டேன். விட்டா எண் நிக்கல."

ஒருவர் இருமினார். பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ உங்க பதில் என்ன?"

"தெரியாது சார். இவ்வளவு கொஞ்சம் வெளிச்சத்தை வெச்சு யாராலயும் சொல்ல முடியாது."

'தெரியாது' என்ற வார்த்தையை அந்த அறையில் அவ்வளவு நிமிர்ந்து நின்று சொல்லி நான் கேட்டதே இல்லை. முந்தின நாள் திட்டியவள் நான்தான். எனக்கே மார்பு விம்மியது. எழுந்து நின்று, இவங்க எங்க அண்ணி என்று கத்த வேண்டும்போல இருந்தது. அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும், அதனால் கத்தவில்லை.

"விதி தெரியுமில்ல?" என்றார் பெரியவர்.

"தெரியும் சார். தாடி சார் மாடலை அனுப்புங்க."

தாடி அதுவரை லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி, "அனுப்பாதீங்க" என்றார். "எனக்கும் ஃப்ரீஸ்லதான் இருக்கு."

"உங்களுக்கும் எப்படி?" என்றார் பெரியவர்.

"ரெண்டு பேருமே உங்க தொடக்கக் கோப்புலதான் சார் ஆரம்பிச்சோம். எல்லாரும் அதுலதான் ஆரம்பிப்போம். அதுல இரும்பு ஃப்ரீஸ்ல இருக்கு. கடைசியில விட்டுடணும்னு யாரோ யாருக்கோ சொல்லியிருப்பாங்க. எங்களுக்கு யாரும் சொல்லல. நாங்களும் கேக்கல." சற்று நிறுத்தி, "நானும் விலகிக்கறேன்" என்றார். தாடி மேல் எனக்கு அதுவரை இருந்த மனத்தாங்கல் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் போயிற்று.

பெரியவர் கண்ணாடியை மேஜை மேல் வைத்தார். அறையில் இருந்த எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் யோசித்தோம், வாயைத் திறக்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. கடைசியில் அவரே திறந்தார். "அந்தக் காலத்துல எங்களுக்கு இவ்வளவு கம்ப்யூட்டர் ஏது? சூரியன்ல இருக்கிற அளவு இரும்புதான் அங்கேயும் இருக்கும்னு வெச்சுக்கிட்டோம். அப்போ என்னோட பதினொண்ணும்…" என்று இழுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மிளகா, பதினொண்ணையும் ஓட்டு. ரெண்டு மாடல்லயும். இரும்பை விட்டு. மறுபடி முகமூடி போட்டு."

தன் அடிமடியிலேயே கை வைக்கச் சொல்லுகிறார் மனுஷன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

அதற்குப் பிறகு என் ராஜ்ஜியம். வரிசையில் இருந்த அத்தனை பேர் கணக்கையும் நிறுத்தினேன். நட்சத்திரக் காற்று ஆராய்ச்சி செய்யும் ஒருவர் வந்து, "என்னோடது முக்கால்வாசி முடிஞ்சிருந்ததே" என்று புலம்பினார். "மிச்சம் காலுக்கு அடுத்த மாசம் வாங்க" என்றேன். எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே வேலையில் இறங்கின. அறை சூடாகி, குளிர்விக்கும் எந்திரம் ஒன்று மூச்சு வாங்க ஆரம்பித்தது. அதை ஒட்டுப்போட்டு ஓட்டினேன். அந்த வாரம் முழுக்க நானும் அண்ணியும் பஸ்ஸில் பழையபடி பேசிக்கொண்டு வந்தோம். மன்னிப்பு எதுவும் நான் கேட்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. குளியலறை விளக்கை மட்டும் நானே அணைத்துவிட்டு வந்தேன்.

முகமூடியைக் கழற்றும் நாள் வந்தது. கூட்ட அறையில் உட்கார இடம் இல்லை, சுவரோடு நின்றார்கள். ஒவ்வொரு கருந்துளையாகத் திரையில் போட்டேன். பெரியவரின் பழைய எண் ஒரு புள்ளி. அதன் பக்கத்தில் தாடியின் மாடல் தந்த பட்டை, அதற்கும் பக்கத்தில் அண்ணியுடையது. பட்டை எவ்வளவு நீளமோ அவ்வளவு தெரியாது என்று அர்த்தம். முதலாவது, இரண்டு பட்டையும் நெடுநீளம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, நான்காவது, எட்டாவது வரை அதே கதை. ஒவ்வொன்றுக்கும் பெரியவர் மெல்லத் தலையை ஆட்டினார். ஏதோ துக்க வீடுபோல இருந்தது. நான் அண்ணியின் பக்கம் பார்க்கவே இல்லை.

ஒன்பதாவது, பெரியவருக்குப் பேர் வாங்கித் தந்த கருந்துளை. தொலைநோக்கி வேறெங்கும் பார்க்காமல் வாரக்கணக்கில் அதையே வெறித்துப் பார்த்திருந்தது. அவருடைய எண் புள்ளி ஐந்து எட்டு. தாடியின் பட்டை பாதித் திரைக்கு நீண்டது. அண்ணியின் பட்டையைப் போட்டேன். திரையில் எதுவும் வரவில்லை. கோளாறு என்று நினைத்துக் கோபமாக மறுபடி தட்டினேன்.

"வந்திருக்கு, வந்திருக்கு, தட்டாதீங்க!" என்று தாடி எழுந்து திரைக்கு ஓடினார். புள்ளி ஒன்பது ஒன்றின் மேல் நகக்கண் அகலத்துக்கு ஒரு கீற்று இருந்தது. பட்டை என்றே தெரியாத அளவுக்குக் குறுகல்.

தாடி அங்கேயே நின்று எல்லோருக்கும் சொன்னார். "இரும்பை எவ்வளவு கூட்டினாலும் இந்த வடிவம் வராது. இது திரும்பி விழுற வெளிச்சம். என் மாடல்ல அது இல்ல, அதனால என்னோடது தடுமாறுது. அவங்களோடதுல இருக்கு. பார்க்கிறதுக்குப் போதுமான வெளிச்சமும் இதுல இருந்திருக்கு." பிறகு குரலை உயர்த்தி, "எல்லாக் குமிழையும் விட்ட பிறகும் நிக்குதுய்யா!" என்றார்.

மிச்சம் இரண்டையும் போட்டேன். அவையும் நெடுநீளம்தான். எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் அந்தக் கீற்றைக் குனிந்து பார்த்தார்.

"என்னோட பதினொண்ணும் போச்சு" என்றார். "ஒண்ணு கெடைச்சிருக்கு. அது என்னோடது இல்ல." அண்ணியைப் பார்த்துத் திரும்பினார். "வாம்மா. போன் போடு. நீயே சொல்லு."

விண்கலக் குழுவின் தலைவி கெடுபிடியான பெண்மணி. ஸ்பீக்கரில் போட்டோம். நடந்ததை அண்ணி ஒன்றுவிடாமல் சொன்னார். இரும்பு, விலகியது, பதினொன்று, எல்லாவற்றையும். எதையும் பூசி மெழுகவில்லை. 

"நான் நேரா கேக்கறேன்" என்றார் தலைவி. "உங்க மாடலை ஏத்திட்டுப் போனா, இன்னைக்கு நம்மகிட்ட இருக்கிறதுல எத்தனை கருந்துளைக்கு நம்பி ஒரு எண் சொல்லும்?"

ஏதாவது கூட்டிச் சொல்லுங்கள் அண்ணி, ஐந்து என்று சொல்லுங்கள், மூன்று என்றாவது சொல்லுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

"ஒண்ணுக்கு" என்றார் அண்ணி.

அதை அவர் சொன்ன தோரணையைப் பார்த்திருக்க வேண்டும். ஆயிரம் என்று சொல்லுகிறவர்கூட அப்படித் தலையை நிமிர்த்திச் சொல்ல மாட்டார்.

"ஒண்ணு போதும், அனுப்புங்க" என்றது ஸ்பீக்கர். "மத்த இடத்துல எல்லாரும் எல்லாத்துக்கும் எண் சொல்றாங்க."

கை தட்டல் எழுந்தது. தாடி என் தோளைத் தட்டி, "மிளகா, அழறீங்களா?" என்று கேட்டார். ஆமாம், அழுதேன். அத்தனை பேர் முன்னால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க அண்ணனுக்கு நீயே போன் பண்ணு" என்றார். "எனக்குப் பேச்சு வரல. நான் எங்கேயும் போகலேன்னு சொல்லு."